அம்மாவன் சொன்ன நாலு

குழாயில் வாயு ஏறவே இல்லை.

ஹரிகுமார் கண்ணாடிக் குழாயின் முன்னால் குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். பிறகு அடுத்த கண்ணை மூடிக்கொண்டு பார்த்தான். இரண்டையும் திறந்து வைத்துக்கொண்டும் பார்த்தான். எப்படிப் பார்த்தாலும் வாயு அதே கோட்டில்தான் நின்றது. கணக்குப் போட்டால் மாவில் புரதம் நூற்றுக்கு நாலு.

“எந்தா ஹரி, அம்மாவன் என்ன சொல்றான்?” என்று அடுத்த மேஜையிலிருந்து ஸ்மிதா கேட்டாள். அந்த உணவுப் பரிசோதனைக் கூடத்துக்கு அவள்தான் பொறுப்பு.

“நாலு சேச்சி.”

“நாலா? சத்துமாவுன்னு சொன்னே. சாக்குக்கட்டியை அரைச்சு வச்சிருக்காங்களா?”

ஹரி மறுபடியும் குழாயின் மேல் குனிந்தான்.

அம்மாவன் என்பது ஆளில்லை, கண்ணாடிக் கருவி. புரதம் அளக்கிற புது மிஷின் கோளாறாகிக் கொச்சிக்கு வைத்தியம் பார்க்கப் போயிருந்ததால், அலமாரியின் மேல்தட்டில் நெடுநாளாகத் தூங்கிக்கொண்டிருந்த இந்தப் பழைய கருவியை இறக்கியிருந்தார்கள். பழசு, முன்கோபி, கெஞ்சினால்தான் வேலை செய்யும். அதனால் திருவனந்தபுரம் வஞ்சியூரில் அந்த இரண்டாம் மாடியில் இருந்த எல்லோரும் அதற்கு அம்மாவன் என்று பெயர் வைத்திருந்தார்கள். மலையாளத்தில் தாய்மாமன்.

அம்மாவனின் வேலை எளிது. மாவை அமிலத்தில் நன்றாக வேகவைத்தால் அதிலுள்ள புரதம் உடைந்து அமினோ அமிலங்களாகும். அந்தக் கரைசலைக் குழாயில் விட்டு நைட்ரஸ் அமிலத்தைச் சேர்த்துக் குலுக்கினால் நைட்ரஜன் வாயு வரும். கூடவே வருகிற வேண்டாத வாயுவையெல்லாம் பெர்மாங்கனேட் கரைசல் விழுங்கிவிடும். மிச்சமிருக்கும் நைட்ரஜன் எத்தனை கோடு ஏறுகிறது என்று பார்க்க வேண்டும். வாயு அதிகம் என்றால் சத்து அதிகம். வாயு குறைவென்றால் சத்தும் குறைவு.

ஹரியின் கல்யாண வாய்ப்பும் குறைவு.

மாவைக் கொண்டுவந்து கொடுத்தவர் ஆரியசாலையில் மொத்த வியாபாரம் செய்யும் அழகியநம்பி. திவ்யலட்சுமியின் அப்பா. திவ்யலட்சுமி யார் என்று ஹரியிடம் கேட்டால் அன்றைக்கு வேறு வேலை நடக்காது, ஆகவே நாமே சொல்லிவிடுவோம். இரண்டு வருஷத்துக்கு முன்பு அவள் அப்பா கடைக்கு வந்திறங்கிய மிளகில் ஒரு பொட்டலம் எடுத்துக்கொண்டு இதே பரிசோதனைக் கூடத்துக்கு வந்தாள். ஹரி சோதித்துவிட்டு, “இதுல பாதி பப்பாளி விதை” என்றான். அந்தப் பெண் கோபித்துக்கொள்ளாமல் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் தொடங்கியது இவ்வளவு தூரம் வந்துவிட்டது.

அழகியநம்பி அன்றைக்கு வந்த மிளகை மூட்டை மூட்டையாகத் திருப்பி அனுப்பினார். அந்த வருத்தம் அவருக்கு இன்னும் தீரவில்லை என்பது ஹரியின் தீர்மானம். பெண் கேட்டு ஆள் அனுப்பியபோதும் அவர் சொன்ன பதிலை திவ்யா அப்படியே ஒப்பித்தாள்.

“அப்பா கேக்காங்க, அந்தப் பையனுக்கு என்ன வேலைன்னு. வாயுவை அளக்கிற வேலைன்னு சொன்னேன். ‘காத்தை அளக்குத வேலையா? நாள் பூரா காத்தை அளந்தா சாயங்காலம் கையில என்ன மிஞ்சும்?’ன்னு கேட்டாங்க.”

தராசும் படியுமாகப் பிழைக்கிற மனிதருக்கு அது நியாயமான சந்தேகம்தான்.

அப்படிப்பட்டவர் செவ்வாய்க்கிழமை தானாகவே மாடியேறி வந்தார். வெள்ளை வேட்டி, தோளில் துண்டு, கையில் பெயர் ஊர் எதுவும் அச்சிடாத ஒரு காகிதப் பை. ஹரி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் விழுந்தது.

“தம்பி, இது சத்துமாவு. இதுல சத்து எம்புட்டு இருக்குன்னு பாக்கணும்.”

“பாத்துடலாம் மாமா.”

மாமா என்று எப்படி வந்தது என்று அவனுக்கே தெரியவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

“சீல் வச்ச பேப்பர் எல்லாம் வேண்டாம். ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வாங்க. வந்து, இருக்கிறவங்க முன்னால வாய்விட்டுச் சொன்னா போதும். அன்னைக்கு எங்க மிளகை முகம் பாக்காம சொன்னீங்கல்லா? அதே மாதிரி உள்ளதை உள்ளபடி சொல்லணும். கூட்டவும் வேண்டாம், கொறைக்கவும் வேண்டாம்.”

“சரி மாமா.”

“அதைச் சொல்லி முடிங்க. பொறவு மத்த விஷயத்தைப் பேசுவோம்.”

அவர் படியிறங்கிப் போன பிறகும் ஹரி நின்றுகொண்டே இருந்தான். மிளகை மறக்கவில்லை, பார்த்தாயா. முகம் பார்க்காமல் சொன்னாயே, இந்தத் தடவையாவது முகத்தைப் பார்த்துச் சொல் என்பதை ஒரு பெரிய மனிதர் வேறு எப்படிச் சொல்வார்? அவர் கடையில் புதிதாகச் சத்துமாவு போட்டிருப்பது ஹரிக்குத் தெரியும். திவ்யா சொல்லியிருந்தாள். பையில் புரதம் இருபத்தைந்து என்று அச்சடித்தாகிவிட்டது. எதிர்க்கடையிலும் ஒரு சத்துமாவு இறங்கி அது நன்றாக ஓடுகிறதாம். அதிலிருந்து அப்பா சோற்றில் கைவைத்துக்கொண்டு யோசனையில் உட்கார்ந்துவிடுகிறாராம். இருபத்தைந்து என்று ஹரி சொல்லிவிட்டால் மனிதர் நிம்மதியாகச் சாப்பிடுவார். பந்தியே போடுவார்.

இப்போது நாலு.

“நாலுன்னு எழுதிட்டு வேற வேலையைப் பாரு” என்றாள் ஸ்மிதா.

“அம்மாவன்ல லீக் இருக்கும்னு தோணுது சேச்சி. வாயு எங்கேயோ போகுது.”

“போனா சத்தம் வருமே.”

“அமைதியா போகுது.”

குழாயின் திருகுக்குப் பூசுகிற கிரீஸ் தீர்ந்திருந்தது. வாங்கிவர ஆள் அனுப்பினால் நாளைக்குத்தான் வரும். காதலுக்கு நாளை என்பது கிடையாது. ஹரி கேன்டீனுக்கு ஓடி ஒரு கிண்ணத்தில் தேங்காயெண்ணெய் வாங்கிவந்து திருகுக்குத் தாராளமாகப் பூசினான். கருவி பளபளவென்று குளித்துத் தலைவாரிய பிள்ளை மாதிரி ஆயிற்று. மறுபடி கரைசலை விட்டுக் குலுக்கினான்.

வாயு ஏறியது. கோட்டுக்குக் கோடு தாவி ஏறியது. ஹரியின் முகமும் அதோடு சேர்ந்து மேலே போயிற்று.

“சேச்சி, எழுபத்தொண்ணு.”

ஸ்மிதா பேனாவைக் கீழே வைத்தாள். “காஞ்ச நெத்திலிக்கே அவ்வளவு வராது. இது மாவா, மீனா?”

எண்ணெய் வழுக்கித் திருகு தளர்ந்து, வெளிக்காற்று உள்ளே புகுந்திருந்தது. வெளிக்காற்றில் பெரும்பங்கு நைட்ரஜன்தான் என்பது பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். ஹரிக்கும் தெரியும், ஆனால் கொஞ்ச நேரம் தெரியாமலிருக்க அவன் ஆசைப்பட்டான்.

எண்ணெயைத் துடைத்தெடுக்க வேண்டியதாயிற்று. துடைத்ததில் திருகு கெட்டியாக இறுகிக்கொண்டது. இழுத்தான், வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான், வந்தது. திருகோடு சேர்ந்து பெர்மாங்கனேட் கரைசலும் வந்தது. வெள்ளைச் சட்டையில் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு வரைபடம் விழுந்தது. இரண்டு கைகளும் முதலில் ஊதாவாகிப் பிறகு மெல்ல மெல்லத் தவிட்டு நிறத்துக்கு வந்தன. சோப்பு போட்டான், எலுமிச்சம்பழம் தேய்த்தான். எலுமிச்சையில் கொஞ்சம் வெளுத்தது. வெளுக்காத இடம் இன்னும் கறுப்பாகத் தெரிந்ததுதான் மிச்சம்.

“கல்யாணப் பொண்ணுக்கு மருதாணி போட்ட மாதிரி உண்டு” என்றாள் ஸ்மிதா. “கொள்ளாம், நல்லாத்தான் இருக்கு.”

மறுநாள் நல்ல கிரீஸ் வந்தது. கருவியை முறைப்படி கழுவி, துடைத்து, பூசி, ஒரு குறை இல்லாமல் மாட்டினான். மின்விசிறியை நிறுத்தி ஜன்னலைச் சாத்தினான். அறையின் வெப்பத்தைக் குறித்தான். மனதுக்குள் பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டு குலுக்கினான்.

நாலு. ஒரு மயிரிழை கூடவோ குறையவோ இல்லாத, சுத்தமான, நேர்மையான நாலு.

அப்போதுதான் ஒரு விஷயம் அவன் மூக்கில் பட்டது. மிச்சமிருந்த மாவைப் பையில் கட்டும்போது அதிலிருந்து கும்மென்று ஏலக்காய் வாசனை வந்தது. திவ்யா ஒருநாள் வீட்டுச் சத்துமாவுக் கஞ்சியைப் பிளாஸ்கில் கொண்டுவந்து கொடுத்தாளே, அதில் சுக்கு அல்லவா மணத்தது? காதலியின் கையால் கொடுத்ததில் சுக்கென்ன, ஏலக்காயென்ன என்று நினைத்துக்கொண்டு பையின் வாயை இறுகக் கட்டிவிட்டான். அவன் தொழிலே ஆராய்வதுதான். ஆனால் அதை அவன் அந்த வாரம் முழுக்கத் தேவையில்லாத இடத்தில்தான் செய்தான்.

போன் அடித்தது. திவ்யா.

“மாவு பாத்தாச்சா?”

“பாத்துட்டே இருக்கேன்.”

“எப்படி வருது?”

“நல்லா வருது.” நாலு என்பதும் ஒரு வருகைதானே.

“அப்பா நேத்துலருந்து ஒரே சந்தோஷமா இருக்காங்க, கேட்டியா? யாரையோ எல்லாம் போன்ல கூப்பிட்டு ஞாயித்துக்கிழமை கண்டிப்பா வரணும்னு சொல்லுறாங்க. நாகர்கோவில் அத்தையும் வந்தாலும் வருவாங்க. அத்தை சரின்னு சொல்லிட்டா அப்பா மறுபேச்சு பேசமாட்டாங்க. நீ அந்த நம்பரை மட்டும் ஒழுங்கா சொல்லிடு. பின்னே எல்லாம் சரியாயிடும்.”

“நீ கவலைப்படாதே. உங்கப்பா தலைகுனியும்படி ஒண்ணும் நடக்காது.”

போனை வைத்துவிட்டு ஹரி கருவியைப் பார்த்தான். வாயால் இருபத்தைந்து என்று சொன்னால் போதும், யாரும் கேட்கப்போவதில்லை. ஆனால் ஹரிக்குப் பொய் சொல்ல வராது. சின்ன வயதில் பள்ளிக்கு மட்டம் போட வயிற்றுவலி என்று சொல்ல வேண்டியிருந்தால்கூட முதலில் நாலு மாங்காயைத் தின்று உண்மையாகவே வயிற்றுவலியை வரவழைத்துக்கொண்டுதான் சொல்வான். அந்தப் பழக்கம் போகவில்லை. தான் பொய் சொல்லக் கூடாதென்றால் அம்மாவன் சொல்லட்டும். அம்மாவன் காட்டுகிற எண்ணை அப்படியே ஒப்பித்தால் அதில் பொய் எங்கே இருக்கிறது?

மருந்தலமாரியில் கிளைசின் இருந்தது. பார்க்கச் சர்க்கரை மாதிரி வெள்ளைத் தூள். அசல் அமினோ அமிலம். கருவி சரியாக இருக்கிறதா என்று சோதிப்பதற்காக வைத்திருந்த புட்டி. ஹரி வாசலைப் பார்த்தான். ஸ்மிதா இல்லை. ஒரு சிட்டிகை எடுத்து மாவுக் கரைசலில் போட்டுக் கலக்கினான்.

ஐம்பத்தெட்டு.

கிளைசினுக்கு ஒரு குணம் உண்டு. இந்த முறையில் அளந்தால் கணக்கைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே வாயுவைக் கொடுக்கும். அவசரத்தில் அது அவனுக்கு மறந்துவிட்டது. சாம்பாரில் உப்பு கூடிப்போனால் பருப்புத் தண்ணீர் விடுவார்களே, அந்த மாதிரி மேலும் கொஞ்சம் மாவுக் கரைசலை விட்டான். பதினொன்று. மறுபடி கிளைசின். நாற்பது. மறுபடி கரைசல். இப்படி ஏற்றியும் இறக்கியும் சாயங்காலமாகிவிட்டது. தவிட்டு நிறக் கைகளோடு ஒரு மனிதன் சாமியாடுகிற மாதிரி குழாயைக் குலுக்கிக்கொண்டிருப்பதைப் பார்த்த ஸ்மிதா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“அந்தக் கிளைசின் புட்டி எதுக்குத் திறந்திருக்கு?”

“அம்மாவன் ஒழுங்கா இருக்கானான்னு பாக்க, சேச்சி.”

“அம்மாவன் ஒழுங்காத்தான் இருக்கான். நீ இருக்கியா?”

ஹரி குழாயைப் பார்த்தான். குழாய் இருபத்தாறைக் காட்டியது. அவனுக்குக் கண் கலங்கிவிட்டது.

“இருபத்தாறு சேச்சி.”

ஸ்மிதா அவனை மேலும் கீழும் பார்த்தாள். “நேத்து நாலு, இன்னைக்கு இருபத்தாறு. அந்த மாவு என்ன, ஸ்கூலுக்குப் போய் டியூஷன் படிச்சுட்டு வந்துதா? நீ அந்த வீட்டுல போய் என்ன வேணும்னாலும் சொல்லு. லேப் பேரை மட்டும் எடுக்கப்படாது.”

“எடுக்க மாட்டேன் சேச்சி.”

அந்த விஷயத்தில் அவன் வாக்குத் தவறவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஹரி குளித்து, சந்தனக் கீற்றிட்டு, புதுச் சட்டை போட்டு ஸ்கூட்டரை எடுத்தான். கைகள் மட்டும் அப்படியே இருந்தன. கிள்ளிப்பாலத்தில் நெரிசலில் மாட்டிக்கொண்டிருந்தபோது சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான், திவ்யா. எடுக்கப் போவதற்குள் பின்னாலிருந்த பஸ்காரன் ஹாரனை அமுக்கினான். வண்டியை நகர்த்தினான். மறுபடி அடித்தது. சாலைக் கடைத்தெரு தாண்டும்போது மூன்றாவது முறையும் அடித்தது. ஆசையைப் பார், அவ்வளவு தவிப்பா என்று ஹரி உள்ளுக்குள் குளிர்ந்து போனான். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் பெரியவர்கள் முன்னால் மணியடிக்கக் கூடாதே என்று போனை அணைத்து வண்டிக்குள் போட்டுப் பூட்டினான்.

கடைக்கு மேலேதான் வீடு. முன்னறையில் அழகியநம்பி பிரம்பு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்து நாற்காலியில் நல்ல ஆகிருதியான ஒரு அம்மாள். கரை வைத்த பருத்திப் புடவை, மடியில் கறுப்புக் கைப்பை. முகம் இறுகியிருந்தது. நீதிமன்றத்தில் கூண்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குத்தான் அப்படி ஒரு முகம் இருக்கும்.

“வாங்க தம்பி” என்றார் அழகியநம்பி. அவர் குரலில் கல்யாண வீட்டுக்காரரின் உற்சாகம் இருந்தது. “இவங்க முன்னால சொல்லணும்னுதான் நான் ஆசைப்பட்டேன். இவங்க—”

ஹரி அவரை முடிக்க விடவில்லை. நாகர்கோவில் அத்தையை அடையாளம் தெரியாத மாப்பிள்ளை என்ன மாப்பிள்ளை? நேராகப் போய் அந்த அம்மாளின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

“ஆசீர்வாதம் பண்ணுங்க.”

அந்த அம்மாள் பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டாள். பிறகு சங்கடத்தோடு, “நல்லாயிருங்க பிள்ளே” என்றாள். அழகியநம்பி தொண்டையைக் கனைத்தார். உள்ளறை வாசலில் நின்ற திவ்யா தலையில் கை வைத்துக்கொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று ஹரி நினைத்தான்.

“கையெல்லாம் என்ன இது?” என்று அந்த அம்மாள் கேட்டாள்.

“உங்க வீட்டு மாவுக்காகப் பட்ட பாடு” என்று பெருமையாகச் சொன்னான் ஹரி. அந்த அம்மாளின் முகம் வெளுத்தது.

“சரி, சொல்லுங்க” என்றார் அழகியநம்பி. துண்டை எடுத்து உதறி மறுபடி தோளில் போட்டுக்கொண்டார். “நல்லாச் சத்தமா சொல்லணும். அந்த மாவுல சத்து எம்புட்டு?”

ஹரி நின்றபடியே சொன்னான். “கருவி காட்டினதைத்தான் சொல்றேன் மாமா. நூத்துக்கு இருபத்தாறு.”

அழகியநம்பியின் முகத்திலிருந்து அந்த உற்சாகம் அப்படியே வடிந்து போயிற்று. பக்கத்திலிருந்த அம்மாள் கைப்பையின் பிடியை விட்டாள்.

“எம்புட்டு?”

“இருபத்தாறு மாமா.”

அவர் பையில் அச்சடித்ததைவிட ஒன்று கூடுதல். இன்னும் ஏன் இந்த முகம்? போதவில்லையோ என்று ஹரிக்குப் பட்டது. மனிதருக்கு முப்பது, நாற்பதாவது வேண்டியிருக்கிறதோ என்னவோ. எண்ணை மாற்ற முடியாது, புகழைக் கூட்டலாம்.

“இந்தத் திருவனந்தபுரத்துல எத்தனையோ மாவு பாத்திருக்கேன் மாமா. இப்படி ஒண்ணைப் பாத்ததில்லை. பச்சைப் பிள்ளைக்கும் கொடுக்கலாம், படுத்த படுக்கையா இருக்கிறவங்களுக்கும் கொடுக்கலாம். இதைச் செஞ்ச கைக்கு வளையல் போடணும்.”

அந்த அம்மாள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அத்தைக்கு மனது கரைகிறது என்று ஹரிக்கு உற்சாகம் பொங்கியது. அழகியநம்பி நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார்.

“தம்பி, நிதானமா யோசிச்சுச் சொல்லுங்க. மிஷின்ல ஏதாவது கோளாறு இருக்குமோ? முதல்ல ஏதாவது கொறைச்சலா காட்டலியா?”

இந்தப் பணிவு யாருக்கு வரும்? ஹரிக்கு அவர் மேல் மரியாதை கூடியது. இவ்வளவு பெரிய மனிதரிடம் எதையும் மறைக்கக் கூடாது என்று தோன்றியது.

“காட்டிச்சு மாமா. முதல்ல ரெண்டு தடவை நாலுன்னு காட்டிச்சு.”

“நாலா?” அழகியநம்பி நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். முகத்தில் விளக்கேற்றிய மாதிரி ஒரு வெளிச்சம். “கேட்டீங்களா, நாலாம். நாலுன்னு சொன்னீங்கல்லா தம்பி? இன்னொரு தடவை சொல்லுங்க.”

“ஆனா அது தப்பு மாமா.”

“தப்பா?”

“சுத்தத் தப்பு. நாலுங்கிறது கருவியோட கோளாறு. நான் பொறுப்பா சொல்றேன். இந்த மாவை நாலுன்னு ஒருத்தன் சொன்னா அவனுக்கு இந்தத் தொழிலே தெரியாதுன்னு அர்த்தம்.”

வெளிச்சம் அணைந்தது. அழகியநம்பி பொத்தென்று மறுபடி உட்கார்ந்தார். உள்ளறை வாசலில் திவ்யா தலையை இடமும் வலமும் ஆட்டினாள், கையை விரித்தாள், வாயைப் பொத்திக் காட்டினாள். இன்னும் கொஞ்சம் எடுத்துச் சொல் என்கிறாள் போலிருக்கிறது.

“வேணும்னா யார் முன்னால வேணும்னாலும் வந்து சொல்றேன் மாமா. சாலைக் கடைத்தெரு நடுவுல நின்னு சொல்லச் சொன்னாலும் சொல்றேன்.”

“வேண்டாம்” என்றார் அழகியநம்பி. கிணற்றுக்குள்ளிருந்து வந்த மாதிரி இருந்தது அந்தக் குரல்.

திவ்யாவின் அம்மா சிவகாமியம்மாள் உள்ளேயிருந்து தட்டில் இரண்டு டம்ளரோடு வந்தாள். நடந்தது எதுவும் காதில் விழாதவள் மாதிரி ஒன்றை அந்த அம்மாளிடமும் ஒன்றை ஹரியிடமும் கொடுத்தாள்.

“குடிங்க தம்பி. நம்ம கடைச் சத்துமாவுக் கஞ்சிதான். ஆறிப்போகும்.”

ஹரி ஒரு வாய் குடித்தான். தொண்டையில் இதமாக இறங்கியது. சுக்கு மணத்தது.

இரண்டாவது வாயை அவன் விழுங்கவில்லை. சுக்கு. பரிசோதனைக் கூடத்தில் அவன் கட்டிவைத்த பையில் மணத்தது ஏலக்காய். சுக்கு இந்தப் பக்கம், ஏலக்காய் அந்தப் பக்கம். அதற்கு நடுவில் ஏதோ ஒன்று இருக்கிறது என்று அவனுடைய ஆராய்ச்சி மூளை ஒரு வாரம் கழித்து மெல்ல எழுந்து உட்கார்ந்தது. கஞ்சியை வாயில் வைத்துக்கொண்டே அவன் திவ்யாவைப் பார்த்தான். திவ்யா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

பக்கத்திலிருந்த அம்மாள் டம்ளரைத் தொடாமல் கீழே வைத்தாள். கைப்பையை இடுக்கிக்கொண்டு எழுந்து, ஹரியின் தவிட்டு நிறக் கைகள் இரண்டையும் தன் கைகளுக்குள் பிடித்துக்கொண்டு, அழகியநம்பியின் பக்கம் திரும்பினாள்.

“அண்ணாச்சி, இந்த ஜெயபாயோட மாவுல சத்தே இல்லைன்னு என் முகத்துக்கு நேரா சொல்லி அவமானப்படுத்தத்தான் கூப்பிடுதீங்கன்னு பயந்துகிட்டே வந்தேன்; எதிர்க்கடைக்காரின்னு பாக்காம உள்ளதை உள்ளபடி சொல்லி, வாய்க்கு வாய் உங்களை மாமான்னு கூப்பிடுத இந்தப் பிள்ளைக்குப் பொண்ணு குடுக்க உங்களுக்கு மனசில்லேன்னா ஒரு வார்த்தை சொல்லுங்க, என் வீட்டுலயும் ஒருத்தி இருக்கா.”